மாமா சிரித்த படம்

அம்மாவின் தம்பி நொர்வேயில், ஹொல்ம்லியா என்ற புறநகரில் எங்களோடு இருந்த காலத்தில் எனக்கு ஒன்பது வயது. அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். கிறிஸ்தவராக மாறிவிட்டதாகச் சொல்லி மேன்முறையீடு போட்டிருந்தார். சபையில் இருந்த ஒரு வயதான நொர்வேஜியப் பெண்மணி, மாமா உண்மையான விசுவாசி என்று கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் மாமா கழுத்தில் சிலுவையோடு ஞாயிறு தவறாமல் சபைக்குப் போனார். அம்மா, அப்பா, நான் மூவரும் பின்னால் போனோம். வீட்டுச் சாமியறையில் பிள்ளையார் வழக்கம்போல் இருந்தார்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பழைய ஹாலிவுட் படம் ஒன்று போட்டார்கள். சீனாவுக்கு ஊழியம் செய்யப்போன வெள்ளைக்காரப் போதகரின் கதை. அந்தப் பெண்மணியின் பெற்றோரும் சீனாவில் ஊழியம் செய்தவர்களாம். சாகக் கிடந்த சீனக் கிழவன் போதகரின் கையைப் பிடித்து மனம் மாறிய இடத்தில் பெண்மணி விம்மி அழுதார். மாமா சிரித்துவிட்டார்.

விளக்குப் போட்டதும் பெண்மணி என்னிடம் வந்து, மாமா ஏன் சிரித்தார் என்று கேட்டார். மாமா அம்மா பக்கம் திரும்பினார்.

"உவன் சீனனே அக்கா? கண்ணை இழுத்து ஒட்டின வெள்ளையன். நானும் உவனை மாதிரித்தான், சிலுவை கட்டின சைவக்காரன்."

"வாயைப் பொத்தடா" என்ற அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு மாமா என்னிடம், "நல்ல படம், சந்தோசத்திலை சிரிச்சனான் எண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

டாக்டரிடமும் அலுவலகங்களிலும் வீட்டாருக்காக நான்தான் நொஸ்க்கில், அதாவது நொர்வேஜிய மொழியில், கதைப்பேன். ஒருமுறை அம்மாவின் நோவில் பாதியைச் சொல்லாமல் விட்டதற்கு அப்பாவிடம் அடி வாங்கியிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு சொல்லையும் விடுவதில்லை. சீனனைச் சொன்னேன், சிலுவையைச் சொன்னேன், கடைசியாக, சந்தோசத்தில் சிரித்ததாகச் சொல்லச் சொன்னார் என்றும் சொன்னேன். பெண்மணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார்.

கடிதம் வரவில்லை. பனி கரையும் முன்பே பொலிஸ் வந்து மாமாவைக் கொண்டுபோய் விமானம் ஏற்றியது. நான் பள்ளியைப் பாதியில் விட்டு, வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டி, எங்கெங்கோ அலைந்து ஹொல்ம்லியாவுக்கே திரும்பிவிட்டேன். அவர் இருக்குமிடம் இன்றும் தெரியாது.

படம் பார்த்த அன்று ரயிலில் வீடு திரும்பினோம். மாமா என் தலையைத் தடவினார்.

"என்ன வடிவா நொஸ்க் கதைக்கிறாய் பிள்ளை."

எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. ஹொல்ம்லியா வரும்வரை ஒவ்வொரு தரிப்பிடத்தின் பெயரையும் நொர்வேஜியர் போலவே உரக்கச் சொன்னேன். மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அப்பா ஏன் யன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.