வால்வெள்ளியின் தூசி

இன்று கற்பிட்டி பஸ்ஸில், விண்கலம் ஒன்று வால்வெள்ளியின் தூசியைப் பூமிக்குக் கொண்டுவந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டில் இருந்த, அக்கா வயதுள்ள ராத்தா ஒருவர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரது முகம் வெளிறிவிட்டது.

"எங்க கொண்டுவந்து கொட்டினாங்க தங்கச்சி?"

"கொட்டல்ல ராத்தா. சின்னப் பெட்டிக்குள்ள பூட்டி அமெரிக்காவுல வெச்சிருக்காங்க."

"முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

உடனே வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். "காயப்போட்ட கருவாட்ட உள்ள எடு மகள். கிணத்தையும் மூடு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு குறிஞ்சிப்பிட்டியில் இறங்கினேன்.

வீட்டுக் கொடியில் கிடந்த மகளின் வெள்ளைச் சீருடையை எடுத்தேன். பக்கத்து அனல்மின் நிலையத்திலிருந்து காற்றோடு வந்த நிலக்கரித் தூள் விரலிலெல்லாம் ஒட்டியது. உள்ளே அவள் இருமும் சத்தம் கேட்டது.

கிணற்றை நானும் மூடிவிட்டேன்.

காற்றை எதால் மூடுவதென்று தெரிந்தவர்கள் கொமெண்டில் சொல்லுங்கள்.