இரண்டு மேஸ்திரிகள்

சேலையூரில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பியும் கட்டி முடித்த மறுநாளிலிருந்து மேஸ்திரியைக் காணவில்லை. பம்மலில் வேறொரு வேலையைப் பிடித்துக்கொண்டார் என்றார்கள். ஒரு மாதமாகக் கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. மழைக்காலம் நெருங்கியது. அப்பா அண்ணாந்து வானத்தைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார்.

வக்கீல் குமாஸ்தாவான மாமா ஒரு கடிதம் எழுதினார். பத்து நாளில் வந்து கான்கிரீட் போடாவிட்டால் வேறு ஆளை வைத்துப் போட்டுக்கொள்வோம். கூடுதலாகும் செலவை உங்கள் கூலியில் பிடித்துக்கொள்வோம். இப்படி முன்கூட்டியே சொல்லாவிட்டால் செலவை அவர் தலையில் கட்ட முடியாது என்று மாமா இரண்டு முறை சொன்னார். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பச் சொன்னார். அப்பாவுக்கு அதற்கு மனம் வரவில்லை. மேஸ்திரியின் மகள் என் பெஞ்சில் உட்காருகிறவள் என்பதால் கடிதத்தை என்னிடம் கொடுத்தார்.

வழியில் பிரித்துப் படித்துவிட்டேன். எங்கள் வீட்டைத் தன் அப்பாதான் கட்டுகிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தவளிடம் அதை எப்படி நீட்டுவது? நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று பத்து நாளும் போய்விட்டன. கொடுத்தாயா என்று அப்பா கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. புது மேஸ்திரியின் ஆட்கள் மேலே ஏறி நிற்க, கீழே கலவை மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ சொல்லியிருக்க வேண்டும், பழைய மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் அவர் மகள்.

“இன்னா சார் இது? நான் அடிச்ச சென்ட்ரிங்ல எவனோ ஏறி நிக்கிறான்?”

“ஒரு மாசமா எங்கய்யா போயிருந்த, காசிக்கா?” என்றார் மேலிருந்து புது மேஸ்திரி. ஆட்கள் சிரித்தார்கள்.

“நீ சும்மா கெட நைனா. சார், ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிச்சிருந்தா ஓடியாந்திருப்பேனே.”

“அதான் லெட்டர் குடுத்தனுப்பினோமே” என்றார் மாமா.

“இன்னா லெட்டரு? எனக்கு ஒண்ணும் வர்ல. சொல்லாம கொள்ளாம ஆள் வெச்சா அந்தச் செலவு உங்களுதுதான்.”

மெஷினை நிறுத்தினார்கள். கலந்த கலவை இறுகிக்கொண்டிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“யார் கிட்டம்மா குடுத்த?” என்றார் அப்பா.

என் கை உயர்ந்து அவளைக் காட்டியது.

அவள் என்னையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“ஆமாம்பா. பையில வெச்சு மறந்துட்டேன்.”

மேஸ்திரி அவளைத் திட்டக்கூட இல்லை. “எம் பொண்ணு கைக்கு வந்தா எனக்கு வந்த மாதிரிதான் சார். நீங்க போடுங்க” என்று சைக்கிளைத் திருப்பினார்.

சாயங்காலத்துக்குள் கான்கிரீட் முடிந்தது. புது மேஸ்திரி கேட்ட கூடுதல் கூலி, பழையவருக்குச் சுவர் வேலைக்காகத் தரவேண்டியதில் கழிந்தது.

மறுநாள் அவள் எப்போதும்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாவம், மறதிக்காரி, தானே எங்கோ தொலைத்துவிட்டதாக நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.