ஓம் என்றால் ஆமாம்

கச்சேரி தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது. பாடகி மேடைக்கு வரமாட்டேன் என்று லோஜைப் பூட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். உள்ளே அவருடன் இருந்த ஒரே ஆள் நான். கையில் அவருடைய வெள்ளிச் சரிகைச் சட்டை.

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு கச்சேரி மண்டபத்தில் உடுப்புக்காரியாக இருந்தேன். கலைஞர்கள் உடுத்துகிற அறையைத்தான் லோஜ் என்போம். அயன் பண்ணுவது, பொத்தான் தைப்பது, ஸிப் பூட்டுவது என் வேலை. உலகப் புகழ் பெற்றவர்களுக்கும் முதுகு ஸிப்பைத் தாங்களே பூட்ட வராது. கூப்பிட்டால் மட்டும் போகிற வேலை. இந்தக் கச்சேரி ஒழுங்காக நடந்தால் நிரந்தரமாக்குகிறேன் என்று மண்டபத்தை நடத்துகிற டிரெக்தர் வாக்குத் தந்திருந்தார். முன்பும் தந்தவர்தான். வாக்குத் தருவதில் மட்டும் அவர் நிரந்தரம்.

அன்று பாட வந்த சுவீடன் சோடியின் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், பாட்டுத் தெரியும். புறநகர் கார்ஜில் நடக்கிற எங்கள் கலியாணங்களிலும் டி.ஜே. அதைப் போடுவார். ஒரு ஆண், ஒரு பெண், முப்பது வருடமாக நாடு நாடாகக் காதல் பாட்டு. புருசன் பெண்சாதி என்றே நினைத்திருந்தேன். இல்லையாம். பாட்டில் ஒருவரை விட்டு ஒருவர் வாழ முடியாதவர்கள் இரண்டு பஸ்களில் வந்து இறங்கினார்கள். கதைப்பதும் மனேஜர் மூலம்தான். புதிய விளம்பரத்தில் தன் பெயரை முதலில் போடச் சொல்லிவிட்டார் பாடகர். அன்றைய சண்டை அதுதான்.

வெளியே மனேஜர் கதவைத் தட்டினார். டிரெக்தரும் தட்டினார். இவர்கள் பிரிந்தால் பேப்பரில் வரும். என் வேலை போனால் யார் எழுதப்போகிறார்கள்?

அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தெருவான ரூ காயில் சாமான் வாங்கப் போயிருந்த என் தங்கச்சி ஜெசிந்தா அழைத்தாள்.

"அக்கா, விளைமீன் வந்திருக்கு. வாங்கட்டே?"

"ஓம்."

"முருங்கைக்காயும் நல்லாயிருக்கு."

"ஓம், ஓம்."

"மீனை வெட்டித் தரச் சொல்லட்டே?"

"ஓ...ம்," என்று அலுப்பில் இழுத்தேன்.

திரும்பினால் பாடகி கண்ணை மூடிச் சம்மணம் கட்டி இருக்கிறார். "ஓம்ம்ம்" என்கிறார். யோகா படித்தவராம். அழுகை நின்றுவிட்டது. நானோ மன்னார் வேதக்காரி. கழுத்தில் அந்தோனியார் தொங்குகிறார். எங்கள் ஊரில் 'ஓம்' என்றால் வெறும் 'ஆமாம்' என்று விளங்கப்படுத்த என் இங்கிலீசு அவ்வளவு தூரம் போகாது. "அகெய்ன்," என்றார். சொன்னேன்.

"என்னக்கா, எத்தினை தரம் ஓம் சொல்லுறாய்? எத்தினை கிலோ எண்டு சொல்லன்!" என்று தங்கச்சி போனில் கத்தினாள்.

சத்தம் கேட்டுப் பாடகரும் வந்து தட்டினார். பாடகி கதவைத் திறந்து, உதட்டில் விரல் வைத்து, அவரையும் தரையில் இருத்தினார். இரண்டு பேரும் சேர்ந்து ஓம் சொன்னார்கள். சுருதி பிசகவில்லை. பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. ஸிப்பைப் பூட்டி மேடைக்கு அனுப்பினேன்.

பிறகு டிவியில், லா சப்பலில் ஒரு குரு தங்களைச் சேர்த்துவைத்தார் என்று சொன்னார்களாம். விசிறிகள் ரூ பெர்தொனே தெரு முழுக்கக் குருவைத் தேடினார்கள். ஒரு நகைக்கடைக்காரர் அவர்களுக்கு 'ஓம்' பென்டன் விற்றார். முருங்கைக்காய்ப் பையோடு போன என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டிரெக்தர் கூப்பிட்டார். நிரந்தர ஒப்பந்தம் என்று நல்ல சேலை உடுத்திப் போனேன். அவர் பிரெஞ்சில் சொன்னதை நம்முடைய தமிழில் சொல்கிறேன்:

"மதாம், இனி எல்லா ஆர்ட்டிஸ்டுக்கும் கச்சேரிக்கு முன்னாலை அந்த ஓமைச் சொல்லிவிடுங்கோ. அயனும் வழமை போலை. ஆனா, கூப்பிடேக்கை மட்டும் வந்தால் காணும். சரிதானே?"

அதுவரை அவர் கேட்டதற்கெல்லாம் "உய்" என்று பிரெஞ்சில் ஓம் போட்டவள் நான். அன்றைக்குப் பத்தி எரிந்தது.

"நோன்," என்றேன்.

அவர் திகைத்துப்போனார். குருவை இழக்க அவருக்கு மனமில்லை. அடுத்த கிழமை ஒப்பந்தம் கைக்கு வந்தது. பதவி: உடுப்புக்காரி. ஓம் சொல்வதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, அப்படி வராமல் நானே பார்த்துக்கொண்டேன்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, ஓம் பெரிய மந்திரம்தான். அடுத்தவர்களின் கச்சேரி அதனால் நடக்கும். உங்கள் கச்சேரி நடக்க வேண்டுமென்றால் மற்ற மந்திரத்தைப் படியுங்கள். பிரெஞ்சில் அதை மூக்கால் சொல்ல வேண்டும். வீட்டில் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்.