மடக்கி வைத்த நாற்காலிகள்

லோர்னா பெல்க்கி இருபத்தொன்பது வருஷம் எங்கள் ஊர்ச் சாரணியர் குழுவை நடத்தினாள். பகலெல்லாம் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் பழைய தீயணைப்பு நிலையத்துக்குப் போய்விடுவாள். ஈர விறகில் தீ மூட்டுவது, திசை தெரியாத காட்டில் வழி கண்டுபிடிப்பது, நாலு பேர் முன்னால் குரல் நடுங்காமல் பேசுவது எல்லாம் அங்கே பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். சொந்தமாகப் பிள்ளை கிடையாது. யாராவது அந்தப் பேச்சை இழுத்தால், "எனக்கு நூத்திப் பதினாலு பொண்ணுங்க. உனக்கு எத்தனை?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

காகித ஆலையை மூடினார்கள். அன்றைக்குப் பிடித்தது சனியன். வாரத்துக்கு ஒரு வீட்டு வாசலில் சாமான் ஏற்றும் வண்டி நின்றது. பள்ளிக்கூடம் நாற்பது மைல் தள்ளிப் போனது, அதோடு லோர்னாவின் வேலையும் அங்கே போனது. பிள்ளைகள் ஏறும் அதே பஸ்ஸில் அவளும் ஏறிப் போய்வருவாள். பிறகு மாதா கோயிலுக்குப் பூட்டு. குழுவில் மிஞ்சினது ஏழு பெண்கள். அவர்கள் கூடுவதற்கு மிஞ்சினது அந்தத் தீயணைப்பு நிலையம் ஒன்றுதான். லோர்னா வீட்டிலே கூடலாமே என்றால், அது சக்கரத்தின்மேல் நிற்கிற, நாலு ஜன்னல் வைத்த டிரெய்லர் வீடு. முன்னறையில் அவள் புருஷன் ஆர்மான் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறான்.

இந்த நிலைமையில்தான் மார்ச் மாசக் கூட்டத்தில் சாரணியரைக் கௌரவிப்பதாக ஊர்ச்சபையிலிருந்து நிகழ்ச்சி நிரல் தாள் வந்தது. சபைத் தலைவி யார் என்கிறீர்கள்? ட்ரூடி ஹோவி. ஆறு வயசில் பல் விழுந்த வாயோடு லோர்னாவிடம் வந்து சேர்ந்தவள், அவளுடைய நூத்திப் பதினாலில் ஒருத்தி. லோர்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது இடத்தில் 'சாரணியருக்குப் பாராட்டு' என்று போட்டிருந்ததைச் சிவப்பில் அடிக்கோடிட்டு, தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

"பாத்தியா ஆர்மான், எங்க பேரு ஊர்ச்சபை ஏட்டுல ஏறப் போகுது."

"ஏறட்டும், ஏறட்டும். அதுக்கு இத்தனை தடவ படிச்சுக் காட்டணுமா?" என்றான் அவன். ஆனால் அவனுக்கும் சந்தோஷம்தான்.

கூட்டத்தன்றைக்கு ஊர்ச்சபைக் கூடத்தில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குக்கூட இப்போது அத்தனை பேர் சேர்வதில்லை. ஏழு பிள்ளைகளும் பச்சைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். ட்ரூடி பாராட்டுத் தாளை வாசித்தாள். "இன்னிக்கு நான் இந்த நாற்காலில உக்காந்திருக்கேன்னா, அதுக்கு லோர்னா மிஸ்தான் காரணம்" என்று லோர்னாவைப் பார்த்துச் சொன்னாள். லோர்னா மூக்கைச் சிந்திக்கொண்டாள். கைதட்டல், போட்டோ எல்லாம் ஆயிற்று.

லோர்னாவின் குழுவில் ஒரு வழக்கம். வந்த இடத்தை, வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக விட்டுப் போகவேண்டும். போட்டோ முடிந்ததும் அவள் கண்ணைக் காட்டினாள். பிள்ளைகள் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்க ஆரம்பித்தார்கள். நாற்காலி போனபின் பெற்றவர்கள் எதில் உட்காருவார்கள்? கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

"மிஸ், கொஞ்சம் இருங்களேன். கூட்டம் இன்னும் முடியல" என்றாள் ட்ரூடி.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குடி. சின்னதுங்க தூங்க வேணாமா? நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு லோர்னா போய்விட்டாள். போகிற வழியில் எல்லாருக்கும் சூடாக ஒரு சாக்லேட் பால்.

மறுநாள் காலை பஸ் ஓட்டுகிற ராய்ஸ்தான் கேட்டான். "என்ன பெல்க்கி, நேத்து பாராட்டிட்டு உங்க எடத்த இடிக்கிறாங்களாமே?"

"காலங்காத்தால கிண்டலா? ரோட்டப் பாத்து ஓட்டு."

"நான் எதுக்குக் கிண்டல் பண்றேன்? தபாலாபீஸ் கதவுல தீர்மானம் ஒட்டியிருக்கு. போய்ப் பாரு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் குளிர்பெட்டி முன்னால் நின்றாள். சிவப்புக் கோட்டுக்கு ஆறு வரி கீழே, ஒன்பதாவதாக, 'பழைய தீயணைப்பு நிலையம் இடிப்பு' என்று இருந்தது. மூன்று வாரமாக அவள் பால் எடுக்கத் திறந்து மூடின கதவு அது.

அப்படியே ட்ரூடியின் சாமான் கடைக்குப் போனாள்.

"கூரை உத்திரம் மக்கிப் போச்சு மிஸ். அடுத்த பனி கொட்டினா தாங்காதுன்னு என்ஜினீயர் எழுதிக் குடுத்திட்டார். பிள்ளைங்க தலைல விழுந்தா யார் பதில் சொல்றது?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா நீ?"

"மூணு தடவ கேட்டேன், ஆட்சேபணை இருக்கான்னு. சுவரோரமா நாற்காலிதான் இருந்துது. யாராவது கை தூக்கி, வேற எடம் பாக்கற வரைக்கும் பொறுங்கன்னு கேட்டிருந்தா பனிக்காலம் வரைக்கும் தள்ளி வச்சிருப்போம். அதுக்குத்தான் உங்கள இருங்கன்னேன்."

"நீ கை தூக்கியிருக்கலாமே."

ட்ரூடி கல்லாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தூக்கினேன் மிஸ், இடிக்கணும்னு. மனசுக்குப் பிடிக்காட்டியும் சரின்னு பட்டா கைய தூக்குன்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க. இப்ப ஆள் பேசியாச்சு. வர்ற வியாழக்கிழம மிஷின் வருது."

லோர்னா கடையை விட்டு வெளியே வந்தாள். திட்டுவதற்கு என்ன இருக்கிறது? பெண் படித்த பாடத்தைச் சரியாகத்தான் ஒப்பித்திருக்கிறாள். அந்த வாரம் பூராவும் இடம் தேடினாள். நூலகம் வாரத்தில் ஒரு பகல்தான் திறக்கும். பக்கத்து ஊர்க் குழுவுக்கு முப்பது மைல், கொண்டுபோய் விட எந்த வீட்டிலும் ஆளில்லை. மூன்று தாய்மார் போனிலேயே பிள்ளையை நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசிச் செவ்வாய்க்கிழமை நாலு பேர் வந்தார்கள். பாட்டு இல்லை, விளையாட்டு இல்லை. கொடியை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். பழக்க தோஷம், லோர்னா துடைப்பத்தை எடுத்து நீட்டினாள். அதை வாங்கிக்கொண்ட ஜோசெட், ஒன்பது வயசு, எல்லாரிலும் சின்னவள்.

"மிஸ், நாளான்னிக்கு இடிக்கப் போற எடத்த எதுக்குப் பெருக்கணும்?"

லோர்னா முறத்தை எடுத்து அவள் காலடியில் வைத்தாள். "பெருக்கு கண்ணு" என்றாள்.

ஜோசெட் ஒரு மூலை பெருக்கினாள். பிறகு நின்றாள். "நாங்க அன்னிக்கு அங்க இருந்திருந்தா கை தூக்கியிருப்போம் மிஸ். நான் பேசியிருப்பேன். எனக்கு இப்பல்லாம் பயமே இல்ல. ஏன் மிஸ் எங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை அவள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். லோர்னா சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

தரை பளிச்சென்று ஆனது. பிள்ளைகள் வழக்கம்போல நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசி நாற்காலியை மட்டும் லோர்னா மடக்கவிடவில்லை. அதில் உட்கார்ந்துகொண்டாள். நேரமாயிற்று மிஸ் என்று ஜோசெட் கையைப் பிடித்து இழுத்தபோதும் எழுந்திருக்கவில்லை.