கரை மாறிய மூன்று நண்டுகள்

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் முப்பத்தோராண்டு பணிசெய்த அவரை எல்லாரும் ஜாடியக்கா என்றே அழைத்தனர். கண்ணாடி ஜாடிகளில் கிடக்கும் இறந்த உயிரினங்கள் கெடாதிருக்க, வற்றும் எரிசாராயத்தை மீண்டும் நிரப்புவதும், பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே இட்டு வைப்பதும் அவர் கடமை. பிடித்த இடத்தைச் சொல்ல அச்சீட்டன்றி வேறு சான்றில்லை. ஆதலின், ஒரு ஜாடியை மூடாமல் மறு ஜாடியைத் திறக்கலாகாது என்பது அங்கே விதி.

"நண்டுக்குச் சாராயம் ஊத்தியே காலத்தை ஓட்டிட்டக்கா" என்று உடன் வாழ்ந்த தங்கை கேலி செய்வாள்.

"குடிச்சிட்டு ஒண்ணுகூடச் சண்டை போட்டதில்லடி" என்பார் இவர்.

ஓய்வுக்கு ஒரு திங்கள் இருந்தபோது, ஆய்வாளர் பெண்ணொருத்தி ஆற்றின் இருகரை நண்டு ஜாடிகளைச் சோதித்தாள். கண்ணுக்கு அவை ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் அவ்வினம் குஞ்சுகளை நீரோட்டத்தில் விடாமல் வயிற்றடியில் சுமப்பது; ஆதலால் பேராற்றைக் கடக்கமாட்டாதது. எனவே பல லட்சம் ஆண்டுகளில் இருகரை நண்டுகளின் மரபணுக்களும் இருவழியாய்ப் பிரிந்திருந்தன. தென்கரை ஜாடியில் மூன்று மட்டும் வடகரை வழியினவாய் நின்றன.

"அக்கா, ஒரு காலத்துல ஆறு இன்னும் தெற்கே ஓடியிருக்கு! அது வடக்கே நகர்ந்ததும் வடகரை நண்டுங்க தென்கரையில மாட்டிக்கிச்சு. நாளைக்குக் கட்டுரைய அனுப்பறேன்" என்றாள் அவள்.

ஜாடியக்காவின் கை மூடியின்மேல் அப்படியே நின்றது.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், தங்கையை அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதாக மருத்துவமனையிலிருந்து செய்தி வந்த நாள். விரைந்து முடிக்கும் பதற்றத்தில் இவ்விரு ஜாடிகளையும் ஒருசேரத் திறந்து, மேலே கிடந்த நண்டுகளை இரு தட்டுகளில் எடுத்து வைத்திருந்தார். முழங்கை பட்டுத் தட்டுக்கு மூன்றாக ஆறு நண்டுகள் தரையில் உருண்டன. எது எதுவென்று அறியாமலே மும்மூன்றாய் உள்ளே இட்டு மூடினார். எவரிடமும் சொல்லவில்லை.

இப்போது, கட்டுரைச் செய்தி கேட்ட நாளின் மாலையில், தங்கையிடம் எல்லாம் சொன்னார்.

"இன்னும் ஒரு மாசம்தான். நல்ல பேரோட வெளிய வாக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"நண்டுக்குத் தெரிஞ்சிருக்கேடி."

மறுநாள் ஆய்வாளர் வருமுன்பே அவளது அறைவாயிலில் நின்றார். நடந்ததை மறைக்காமல் உரைத்தபின் கேட்டார்: "வடகரை ஜாடியில எத்தனைய சோதிச்சீங்கம்மா?"

"பதினாறுல நாலு. நாலுமே வடக்குதான்."

"மிச்சத்தையும் சோதிங்க. அதுல மூணு தென்கரையா இருந்தா, ஆறு நகரலம்மா. என் கைதான் நகர்த்திடுச்சு."

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. மூன்று, கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஆய்வாளர் முடிவுத்தாளை மடித்து வைத்தாள். பிறகு, "ரெண்டு வருஷ வேலைக்கா" என்றாள். ஜாடியக்காவை நிமிர்ந்து பார்த்து, "சொல்லாம விட்டிருந்தா ஒரு ஆத்தையே இடம் மாத்தி எழுதியிருப்பேன்" என்றாள்.

பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. பிரிவுபசாரத்தில் மேலதிகாரியின் உரை மிகச் சுருக்கமாக முடிந்தது.

அதன்பின் ஜாடியக்கா கீழ்த்தளத்துக்கு இறங்கினார். சோதனையின்போது ஆய்வாளர் காலில் கட்டிய எண் பார்த்து ஒவ்வொரு நண்டையும் அதனதன் கரைக்குரிய ஜாடியில் சேர்த்தார். ஒன்றை மூடிய பின்னரே மற்றொன்றைத் திறந்தார். பின்பு பென்சிலை எடுத்து, மூன்றும் மூன்றும் மாறிக் கிடந்த ஆண்டுகளையும், மாற்றியது தம் கையே என்பதையும் இரு சீட்டுகளில் எழுதினார். கீழே, அங்கே எவரும் அழைத்தறியாத தம் பெயரை முழுவதுமாய் எழுதி, ஜாடிக்கு ஒன்றாக உள்ளே இட்டு மூடினார்.