மாமிக்குப் பின்னால் ஒரு நீல ஏரி

என் வீட்டுச் சுவரில் மாமியின் படம் ஒன்று தொங்குகிறது. மயில்கழுத்து நிறச் சேலையில், பச்சையும் நீலமுமான ஒரு மலை ஏரிக்கு முன்னால், குளிரே தெரியாதவராக நிற்கிறார். குளிர் தெரியாததற்குக் காரணம் உண்டு. படம் எடுத்தது ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு நடந்த மண்டபத்தில், ஹீட்டருக்குப் பக்கத்தில். ஏரி என்பது படமெடுப்பவர் கட்டித் தொங்கவிட்ட அச்சுத் துணி.

மாமி என் அம்மாவின் அண்ணன் மனைவி. பொய் சொல்லத் தெரியாத மனுசி. அவருடைய மகளின் மாமியார் ஒருநாள் மாமியின் வீட்டுக்கு வந்து, அப்போது அங்கே தொங்கிய இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அல்பேர்ட்டா மலைப்பக்கம் எப்ப போனனீங்கள்? நல்ல வடிவு" என்றார். வாயில் வடை இருந்ததால் மாமி தலையை மட்டும் ஆட்டினார். வடையை விழுங்குவதற்குள் பேச்சு பேரப்பிள்ளையின் பல்லுக்குப் போய்விட்டது. அதன்பிறகு எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் சம்பந்தியம்மா நாலு பேரைக் கூட்டி, மாமியை ரொக்கி மலை பார்த்தவர் என்று அறிமுகப்படுத்துவார். மாமிக்குச் சாப்பாடு இறங்காது. "தம்பி, கண்ணை மூட முதல் ஒருக்கா என்னை அங்கை கூட்டிக்கொண்டு போ. சொன்ன பொய்யை உண்மையாக்கிப்போட்டு வாறன்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு லீவு கிடைத்தது மே மாத லோங் வீக்கென்டில். ரொறன்ரோவில் மரமெல்லாம் துளிர்த்திருந்ததால் மலையிலும் அப்படித்தான் என்று நினைத்தேன். விமானத்தில் கல்கரிக்குப் போய் இறங்கி, காரில் அந்த ஏரி இருக்கும் தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்குக்குள் போனோம். மாமி காருக்குள்ளேயே ஜக்கெட்டுக்கு உள்ளால் அதே சேலையைச் சரிசெய்தார். ஏரி வந்தது. வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது.

"எங்கை தம்பி தண்ணி?"

"உதுக்குக் கீழை கிடக்கு மாமி."

எனக்கு அழுகை வராத குறை. ஆனால் கரையோரம் ஒரு பாய் அகலத்துக்குப் பனி உருகி, உள்ளே அசல் நிறம் தெரிந்தது. மாமி குனிந்து நெடுநேரம் பார்த்தார். "துணியிலை பார்த்ததை விடக் கூட நீலமாக் கிடக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு ஜக்கெட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, நடுங்கி நடுங்கிப் படத்துக்கு நின்றார். திரும்பி வந்து பார்த்தால், அந்தப் பாயளவு நீலத்தையும் சேலை மறைத்திருந்தது.

என்றாலும் மாமி புதிய படத்தைத்தான் மாட்டினார். சம்பந்தியம்மா வந்து பார்த்தார். "உது எங்கடை பக்கத்துச் சிம்கோ ஏரியோ? உந்தக் குளிருக்கை ஏன் போனனீங்கள்? பழையதையே கொழுவுங்கோ." மாமி இம்முறை வாயில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், மண்டபம், துணி, வடை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சம்பந்தியம்மா பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். பழைய படம் மறுபடி சுவருக்கு ஏறியது.

மாமி போன மாசியில் போய்விட்டார். படம் என்னிடம் வந்தது. அவர் இல்லாதது எனக்குப் பெரிய குறைதான். போன கிழமை பக்கத்து வீட்டு அன்ரி படத்தைப் பார்த்து, "இவ உங்கை எல்லாம் போனவவோ?" என்று கேட்டார். என் வாயில் வடை எதுவும் இல்லை.

"ஓம் அன்ரி, போனவ. நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.