ஆற்றுக்கு ஒரு திண்டு

என் தாடியில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். மெத்தை தைப்பவனுக்கு அதுதான் விளம்பரப் பலகை. பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் என் கடை. மார்க்கெட்டுக்குள் மீன் விற்கும் அக்கா ஒருவர், வியாபாரம் முடிந்ததும் காலிக் கூடையோடு என் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். என் மெத்தைகளைப் பற்றி நான் அடிக்கும் பெருமையைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். கேட்டு முடித்துவிட்டு, "பாய், நீ தெச்ச தலகாணிதான் எங்கூட்லயும், கழுத்து வலி போவவே மாட்டுது" என்பார்.

அவர் வீடு நோணாங்குப்பம் பக்கம், ஆறு கடலில் சேரும் உப்பங்கழிக் கரையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலமும் தண்ணீர் அந்தக் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வந்தது. போன ஐப்பசியில் புழக்கடை முருங்கை மரம் வேரோடு சாய்ந்து, காயும் பூவுமாக மிதந்து போயே விட்டது. அக்காவின் வீட்டுக்காரர் படகு வைத்து மீன் பிடிப்பவர், அதிகம் பேசாதவர். அன்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னாராம்: "அடுத்த மழைக்கும் கரை நிக்கலன்னா, ஊருக்குள்ள வீடு பாத்துக்கினு போயிடலாம்." அக்காவுக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை. அடுப்படியில் நின்றபடியே படகு வந்து சேரும் சத்தத்தைக் கேட்டுப் பழகியவர் அவர்.

இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருந்தேன். ஆனால் ஒரு நாள் அக்கா டீ குடிக்க வந்தபோது கூடவே ஒரு பெண்ணையும் அழைத்து வந்தார். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆராய்ச்சி மாணவி, அக்கா வீட்டுக் கரையைப் பார்த்துவிட்டு வந்தவள், முழங்கால் வரை காய்ந்த சேறு. கல்லையும் சிமென்ட்டையும் கொட்டாமல் உயிருள்ள செடிகளை வைத்தே கரையைக் காப்பாற்ற முடியும் என்றாள். முதலில் தண்ணீர் ஓரமாக நீளமான நார் உருளைகளைப் போட வேண்டும். தென்னைநாரை அடைத்துக் கயிற்று வலையால் சுற்றிய உருளைகள். அவை அலையின் வேகத்தைக் குறைக்கும், பின்னால் சேறு படியும், சேற்றில், உப்புத் தண்ணீரிலும் வளரும் கண்டல் செடி நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். உருளை தைக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

"திண்டுன்னு சொல்லு பாப்பா" என்றேன். "ஆத்துக்குச் சாய்ஞ்சுக்க ஒரு திண்டு வேணும். அவ்ளோதானே."

அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு மெத்தை தைத்திருக்கிறேன், மருத்துவமனைக்குத் தைத்திருக்கிறேன், இதுவரை எந்த ஆறும் என்னிடம் ஆர்டர் கொடுத்ததில்லை. மாணவி ஒரு தாளில் படம் போட்டு, வலை எவ்வளவு இடைவெளியோடு இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தாள். நானும் தலையை ஆட்டினேன். அவள் போனதும் அந்தத் தாளை மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்தேன். முப்பது வருஷமாகத் தைக்கிறவனுக்கு ஒரு சின்னப் பெண் படம் போட்டுக் காட்டுவதா?

தென்னைநாரைக் கம்பால் அடித்துப் பூவாக்கினேன். விரலால் குத்தினாலும் உள்ளே போகாதபடி திணித்தேன். வலைக்கு உள்ளே, யாரும் சொல்லாமலே, கோடு போட்ட கெட்டித் துணியில் ஒரு உறையும் தைத்தேன். என் கடைத் திண்டிலிருந்து இதுவரை ஒரு துளி பஞ்சு வெளியே வந்ததில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனதும் இல்லை. ஓரத்துக்கு இரட்டைத் தையல் போட்டேன். நல்லவேளை, குஞ்சம் வைக்க மனைவி விடவில்லை.

எல்லாவற்றையும் மினி வேனில் ஏற்றி, மேலே நானும் ஏறி உட்கார்ந்து, ஊரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனேன். தண்ணீர் வற்றியிருந்த நேரம். கரையோரம் குச்சிகளை அடித்து, திண்டுகளை வரிசையாகப் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டினோம். தெருவே வந்து பார்த்தது. "ஆத்துக்குக் கல்யாணமா?" என்று ஒரு பெண் கேட்டாள். மாணவி மட்டும் ஒரு திண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது ரொம்ப கெட்டியா இருக்கே" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மதியம் கடல் ஏறியது, கழியில் தண்ணீர் உயர்ந்தது. என் திண்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து மிதந்தன. கயிறு நெகிழ்ந்தது, குச்சி பிடுங்கிக்கொண்டது, அவ்வளவுதான், எல்லாம் உருண்டு விளையாட ஆரம்பித்துவிட்டன. அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒன்றை அமுக்கிப் பிடிக்க அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். அது அவர்களையும் சேர்த்துப் புரட்டிவிட்டது. மிகப் பெரியது ஒன்று தப்பித்து, கடற்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் படகின் குறுக்கே நிதானமாக மிதந்து போனது. படகிலிருந்து யாரோ முதலை என்று கத்த, மற்றவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் தன் படகை எடுத்துக்கொண்டு போய், அதைக் கட்டி இழுத்து வந்தார். கரை முழுக்க ஒரே சிரிப்பு. எனக்கு அவமானம் தாங்கவில்லை, சிரிப்பும் தாங்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு திண்டைப் பிளந்து உள்ளே இருந்த உறையைக் காட்டினாள்.

"அங்கிள், தண்ணி உள்ள வரணும். சேறு வரணும், நண்டு வரணும், வேர் வரணும். உள்ள விடலன்னா இது மிதக்கத்தான் செய்யும்."

"அப்ப கெட்டுப்போயிடுமே."

"ஆமா. கொஞ்ச வருஷத்துல மக்கிடும். அதுக்குள்ள செடி நின்னுடும்."

கெட்டுப்போவதற்கென்றே ஒரு திண்டு. என்னால் இதை ஏற்கவே முடியவில்லை. இன்னும் வாதாடியிருப்பேன். அக்கா ஈரப் புடவையைப் பிழிந்தபடி பக்கத்தில் வந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"பாய், ஐப்பசிக்குள்ள மறுபடி தெச்சிடுவியா?" என்றார்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை நேரமும் நான் என் தையலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றே டீ கிளாசுக்கு அடியிலிருந்து தாளை எடுத்தேன். போட்ட இரட்டைத் தையலை நானே பிரித்தேன். உறையைத் தூக்கி எறிந்தேன். நாரைத் தளர்வாக அடைத்து, வெறும் கயிற்று வலையில் சுற்றி, கோணி ஊசியால் தைத்தேன். பார்க்கவே சகிக்காத திண்டுகள். அவற்றை நாள்கணக்கில் கழித் தண்ணீரிலேயே ஊறப்போட்டு, எருமை கனத்துக்கு வந்த பிறகு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கரையில் கிடத்தினோம். இந்த முறை தண்ணீர் வந்தது, உள்ளே புகுந்தது, திண்டு அசையவில்லை. எனக்கு வந்த குஷியில் சேற்றிலேயே குதித்தேன், ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் புதைந்து கிடக்கிறது. பின்னால் சேறு படியப் படியக் கண்டல் விதைகளைச் செருகினோம். குட்டை முருங்கைக்காய் மாதிரி இருக்கும், அப்படியே குத்தி நட வேண்டியதுதான். அக்காவின் வீட்டுக்காரர் எட்ட நின்று பார்த்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஐப்பசி வந்தது. மழையில் பஞ்சு காயாது, எனக்கு வேலை இருக்காது. குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளைக்கு ஒரு தரம் நோணாங்குப்பம் போய்த் திண்டுகளை நலம் விசாரித்துவிட்டு வருவேன். மனைவி, "பொண்ணக் கட்டிக்குடுத்துட்டுக்கூட இப்படிப் போய்ப் பாக்கலியே" என்றாள். பிறகு மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள் காலை மழை விட்டதும் மார்க்கெட்டுக்குள் போனேன். அக்காவின் இடம் காலியாக இருந்தது. போனை எடுக்கவில்லை. பக்கத்தில் மீன் விற்பவரைக் கேட்டால், வரவில்லை என்றார்.

உடனே நோணாங்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். உறை தைத்து வீணாக்கிய நாட்களை எண்ணிக்கொண்டே போனேன். அந்த நாட்களில் நட்டிருந்தால் செடி இன்னும் நன்றாக வேர் பிடித்திருக்கும் என்று தோன்றியது. தெருவில் இறங்கியதும் சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு புழக்கடைக்கு ஓடினேன்.

கரை இருந்தது. செடிகளில் பாதிக்குமேல் காணோம், ஒரு திண்டு பிய்ந்து தொங்கியது. மற்றவை சேற்றில் பாதி புதைந்து, எது திண்டு எது கரை என்றே தெரியாமல் கிடந்தன. அவற்றின் மேல் நண்டுகள் ஓடின. அக்கா இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு நின்றிருந்தார், கையில் நடுவதற்கு வெட்டிய ஒரு முருங்கைப் போத்து. அவர் வீட்டுக்காரர் குனிந்து கடப்பாரையால் குழி தோண்டிக்கொண்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்து அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததையும் மறைக்கவில்லை.

வீட்டுக்காரர் நிமிர்ந்தார். இத்தனை நாளில் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"பாய், இந்த எடம் போதுமா?" என்றார். "இல்ல, இன்னும் கொஞ்சம் தண்ணி பக்கமாத் தள்ளி வெக்கட்டுமா?"